சாகாமல் நின்ற ஆட்டம்

என் புருஷன் ஒரு வீடியோ கேமில் என்னை ஏமாற்றினார். இதைச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். லேபில் என்னோடு வேலை பார்க்கிற பெண், "இதுக்காகவா அவரு கூட பேசாம இருந்தே? எங்க வூட்டுக்காரரு பண்ற வேலைக்கெல்லாம் நா ஆயுசு பூரா வாயத் தொறக்கவே கூடாது" என்றாள். சிரித்துவிட்டுப் போகட்டும். முழுசாகக் கேட்ட பிறகும் சிரிப்பு வந்தால் சொல்லுங்கள், நானே டீ வாங்கித் தருகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சிதம்பரம். வாழ்க்கைப்பட்டது பரங்கிப்பேட்டைக் குடும்பத்தில். ஆனால் அவர்கள் எப்போதோ கடலூருக்கு வந்து மஞ்சக்குப்பத்தில் குடியேறிவிட்டார்கள். வீட்டில் நானும் என் மாமியாரும்தான். மாமி என்று கூப்பிடுவேன். புருஷனுக்குக் கத்தாரில் வேலை, அலுமினியத்தில் கதவு ஜன்னல் செய்கிற பட்டறை. நான் மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் லீவில் வந்து நிக்காஹ் முடிந்த புதிதில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் என்ன பேசுவதென்று எங்களுக்குத் தெரியாது. "சாப்டியா?" "சாப்டேன். நீங்க?" "சாப்டேன்." அத்தோடு சரக்கு தீர்ந்துவிடும். ஒரு மத்தியானம் அப்படித் தீர்ந்துபோய் உட்கார்ந்திருந்தபோது, டிவிக்குக் கீழே இருந்த கறுப்புப் பெட்டியைத் தட்டி, "வெளையாடுறியா புள்ள?" என்று கேட்டார். அதுவரைக்கும் நான் அதைக் கேபிள் பெட்டி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கத்தாரிலிருந்து கொண்டுவந்த கேம் பெட்டியாம். என் கையில் ஒரு கன்ட்ரோலரைக் கொடுத்தார். மாமி இன்றைக்கும் அதை ரிமோட்டு என்றுதான் சொல்வார்.

ஆட்டம் இதுதான். கடலோரத்தில் ஒரு பாழடைந்த கோட்டை. இரண்டு பேர் சேர்ந்து உள்ளே போக வேண்டும். ஒருவர் கையில் கேடயம், இன்னொருவர் கையில் வில். கேடயக்காரர் முன்னால் நின்று அடியைத் தாங்க, பின்னால் இருப்பவர் அம்பு விட வேண்டும். வில்லை இழுக்க வலது கை ஆள்காட்டி விரலால் ஒரு பட்டனை அமுக்கிப் பிடித்திருந்து, சரியான நேரத்தில் விட வேண்டும். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ஒரு இரும்புக் கதவு, அதற்குக் காவலாகச் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு ஒரு தடியன். அவனைச் சாய்த்தால் கதவு திறக்கும். அவர் வில், நான் கேடயம்.

புதுப் பெண்டாட்டி ஆச்சே என்று ஈஸியில் வைத்தார். நான் என்ன செய்தாலும் ஜெயித்தேன். தடியன் சுத்தியலால் அடித்தால் சும்மா உரசிவிட்டுப் போன மாதிரி இருந்தது. காயத்துக்கு மருந்து திரும்பின பக்கமெல்லாம் கிடந்தது. கதவுகள் பாட்டுக்குத் திறந்துகொண்டே போயின. அவர் "சூப்பர், சூப்பர்" என்று கை தட்டினார். எனக்குக் கொட்டாவி வந்தது.

"இதுல என்னா இருக்கு? நா பட்டன அமுக்காட்டியும் ஜெயிப்பேன் போலருக்கே" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி திரும்பிப் பார்த்தார். அன்றைக்குத்தான் முதல் தடவை என்னைச் சரியாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். "ஹார்டுல வைக்கட்டுமா? அப்பறம் அழுவக் கூடாது" என்றார்.

ஹார்டில் வைத்தார். அல்லாவே, முதல் கதவுப் பக்கம்கூடப் போக முடியவில்லை. மூன்று அடி பட்டால் செத்தோம். மருந்து கண்ணில் படாது. அம்பு கைவிரலில் எண்ணுகிற அளவுதான். செத்தால் திரும்ப வாசலிலிருந்து வர வேண்டும். நான் செத்தேன், அவர் செத்தார், இரண்டு பேரும் ஒன்றாகச் செத்தோம். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்த வீட்டுக்கு வந்து நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

தோற்பதில் என்ன சுகம் என்று கேட்பீர்கள். விளையாடிப் பாருங்கள், தெரியும். ஈஸியில் அந்தத் தடியனை நான் பார்த்ததே இல்லை, அடித்துவிட்டுப் போய்விடுவேன். ஹார்டில்தான் அவன் இடது காலை இழுத்து இழுத்து நடக்கிறான் என்று கண்டுபிடித்தேன். சுத்தியலைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு மூச்சு இழுப்பான். அந்த மூச்சு காதில் விழுந்ததும் கேடயத்தைத் தூக்கினால் பிழைக்கலாம். இதெல்லாம் ஈஸியிலும் இருந்ததுதான். உயிர் போகும் என்றால்தானே காது திறக்கிறது!

இன்னொன்று, ஈஸியில் ஆளுக்கு ஒரு பக்கம் போய்த் தனித்தனியாக ஆடலாம். ஹார்டில் அந்தப் பாச்சா பலிக்காது. நான் தாங்காவிட்டால் அவர் சாவார், அவர் அம்பு விடாவிட்டால் நான் சாவேன். பேசித்தான் தீர வேண்டும். "கேடயத்த எறக்காத! எறக்காதடீ!" என்று கத்தினார். அவர் என்னை முதல் முதலாக 'டீ' போட்டது அந்தக் கோட்டைக்குள்தான். "மொதல்ல நீங்க ஒழுங்கா விடுங்க மச்சான், ஒரு அம்பு கூட படல" என்று நானும் கத்தினேன். புருஷனை மச்சான் என்று கூப்பிடுவது எங்களில் வழக்கம். ஆனால் அதுவரைக்கும் எனக்கு வாயில் வரவே இல்லை, வெட்கம். நாங்கள் சண்டை போட்டுக்கொள்கிறோம் என்று மாமி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து எட்டிப் பார்த்தார்.

பயந்தால் அவர் மூக்கால் புஸ் புஸ்ஸென்று மூச்சு விடுவார் என்று எனக்குத் தெரிந்தது ஹார்டில்தான். தோற்கப் போகிற நேரத்தில் அவர் வாயிலிருந்து பரங்கிப்பேட்டைக் கடற்கரைக் கெட்டவார்த்தை ஒன்று வரும். கடைசி மருந்தை எனக்குத்தான் விட்டுக்கொடுப்பார், அதைச் சொல்லிக்காட்டவும் மாட்டார். ஒரு மனுஷனைப் பற்றித் தெரிந்துகொள்ள இதற்கு மேல் என்ன வேண்டும்? அவர் லீவு முடியப் போகிற சமயம்தான் முதல் கதவு திறந்தது. அவர் சோபா மேல் ஏறிக் குதித்தார். ஈஸியிலும் இதே கதவுதான், இதே சத்தம்தான். ஆனால் அது திறந்ததும் இது திறந்ததும் ஒன்றா?

எனக்கு ஏன் இது அவ்வளவு பெரிசு என்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போவதைச் சபர் என்று சொல்வோம். சபரில் இருப்பவருக்கு இங்கேயிருந்து கெட்ட சேதி போகாது, அங்கேயிருந்தும் வராது. அது எழுதாத சட்டம். எங்க அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சவுதியில் இருந்த சித்தப்பாவுக்குப் போனில் "அண்ணன் நல்லா இருக்காரு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அத்தா வீட்டுக்கு வந்து மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்ட பிறகுதான் விஷயத்தையே சொன்னார்கள். நல்ல மனசோடுதான் செய்கிறார்கள். யார் இல்லை என்றது?

அந்தச் சட்டத்தை எனக்கு மட்டும் ஊரில் இருக்கும்போதே போட்டுவிட்டார்கள். வீட்டுக்குச் சின்னவள், சட்டென்று அழுதுவிடுவேன், அதனால் எதையும் என்னிடம் நேராகச் சொல்வதில்லை. இவருக்கு முன்னால் ஒரு மாப்பிள்ளை பேசி முடித்து, வீட்டில் பிரியாணிக்கு ஆள் வரைக்கும் சொல்லியாயிற்று. திடீரென்று "பையன் சபருக்குப் போயிட்டான், வேணாம்" என்றார்கள். நானும் சரியென்று இருந்துவிட்டேன். பிறகு லால்பேட்டையில் ஒரு கல்யாணத்தில் யாரோ ஒரு அம்மா என் கையைப் பிடித்து, "நீ கறுப்புன்னு வேணாம்னானுங்களே, அவனுக்கு நல்லாவே அமையலம்மா" என்று ஆறுதல் சொன்னபோதுதான் எனக்கே தெரிந்தது. ஊருக்கெல்லாம் தெரிந்து, சமையல்காரருக்குத் தெரிந்து, கடைசியாக எனக்கு. வேண்டாமென்று சொன்னவன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. என்னைச் சுற்றி உட்கார்ந்து ஒரே மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பொய் சொன்னார்களே, அவர்கள்மேல்தான் வயிறு எரிந்தது.

அதனால் அவர் கிளம்புகிற அன்றைக்குச் சொன்னேன். "மச்சான், ஊரு ஒலகத்துக்கு நீங்க என்னா வேணா சொல்லிக்கிங்க. எங்கிட்ட மட்டும் எதையும் ஈஸில வைக்காதீங்க."

அவருக்குப் புரிந்தது. அந்தக் கல்யாணக் கதையை அவரிடம் சொல்லியிருந்தேன். "வல்லாஹி, வைக்க மாட்டேன்" என்றார். அல்லாவின் மேல் ஆணையாக என்று அர்த்தம். சும்மா வாயில் வருகிற வார்த்தை இல்லை.

அங்கே போய் செகண்ட் ஹாண்டில் அதே மாதிரி ஒரு பெட்டி வாங்கினார். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. நான் ஞாயிற்றுக்கிழமை டூட்டி பார்த்துக்கொண்டு வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் லீவு வாங்கிக்கொள்வேன். அவர் ஜும்மா தொழுதுவிட்டு ரூமுக்கு வந்ததும் காதில் மைக்கை மாட்டிக்கொண்டு ஆரம்பிப்போம். இரண்டு ஊரிலிருந்து ஆடும்போது ஒருவர் ஆட்டத்தைத் திறக்க வேண்டும், மற்றவர் அதில் போய்ச் சேர வேண்டும். ஈஸியா ஹார்டா என்று வைப்பது திறக்கிறவர் கையில். சேர்கிறவர் திரையில் அது தெரியாது. அங்கே நெட் நன்றாக வரும் என்பதால் எப்போதும் அவர்தான் திறப்பார்.

சில வெள்ளிக்கிழமை ஒரு கதவுகூடத் திறக்காது. ஆனால் அவர் மூச்சை வைத்தே வாரம் எப்படிப் போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிடும். அவசரப்பட்டு அம்பை வீணாக்கினால் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கியிருப்பார். கேட்டால் ஒப்புக்கொள்வார். மற்ற பெண்களுக்கெல்லாம் "நல்லா இருக்கேன்" என்கிற போன்தான் வரும். எனக்கு நிஜம் வந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

போன மழைக்கு முன்னால் சில வாரம் அவர் ஆட வரவில்லை. "கம்பெனில வேல ஜாஸ்தி புள்ள, லீவே இல்ல" என்றார். சரியென்றேன். திரும்பி வந்ததும் ஒரு அதிசயம் நடந்தது. எத்தனையோ நாளாக எங்களைப் பாடாய்ப்படுத்திய கதவு ஒரே மத்தியானத்தில் திறந்தது. அடுத்த வாரம் அடுத்த கதவு. எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை நாள் செத்துச் செத்துப் படித்த பாடம் இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது என்று நினைத்தேன். லேபில் சொன்னேன், மாமியிடம் சொன்னேன், சிதம்பரத்தில் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "மச்சான், நாம எங்கியோ போயிட்டோம்!" என்று மைக்கில் கத்துவேன். அவர் "சூப்பர், சூப்பர்" என்பார்.

அந்த சூப்பரிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மூக்கு மூச்சும் இல்லை, கெட்டவார்த்தையும் இல்லை. வீடியோ கால் வந்தாலும் போனை எங்கேயோ சாய்த்து வைத்துவிட்டு முகத்தை மட்டும் காட்டுவார். ஜெயிக்கிற மயக்கத்தில் நான் எதையும் கவனிக்கவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளைக்குச் சிதம்பரம் போனேன். பெட்டியையும் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன், அண்ணனிடம் காட்ட வேண்டுமே! அண்ணன் தெற்கு வீதியில் செல்போன் கடை வைத்திருக்கிறது, காலேஜ் நாளிலேயே கேம் பைத்தியம். பிரியாணி முடிந்து எல்லாரும் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். நானே ஆட்டத்தைத் திறந்தேன், ஹார்டில் வைத்தேன். அண்ணன் கையில் வில்லைக் கொடுத்துவிட்டு, "பின்னாடியே வா, நா பாத்துக்கறேன்" என்று பெரிய இவள் மாதிரி முன்னால் போனேன்.

செத்தேன். வாசலிலேயே செத்தேன்.

திரும்பப் போனேன், திரும்பச் செத்தேன். அண்ணன் தரையில் உருண்டு சிரித்தது. "இதான் நீ தொறந்த கதவா? எதுக்கு ஊரெல்லாம் போன் போட்டே?" என்றது. கன்ட்ரோலர் லூசாகிவிட்டது என்றேன். அப்புறம், உனக்கு வில் பிடிக்கத் தெரியவில்லை என்று அண்ணன் மேலேயே பாய்ந்தேன். "மச்சான் கூட ஆடறப்ப இப்பல்லாம் நா ஒரு தடவ கூட சாவறதில்ல தெரியுமா?" என்றேன்.

அண்ணனின் சிரிப்பு பாதியில் நின்றது. அது அம்மாவைப் பார்த்தது. அம்மா என்னைப் பார்க்காமல், "பாயசம் ஆறிப் போவுது, எல்லாரும் எழுந்து வாங்க" என்றது. அண்ணன் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, "விடு, ஈஸில வச்சி ஆடு, கேமுதானே" என்று எழுந்து போய்விட்டது. எனக்கு முகம் சுண்டிப் போயிற்று. ஏன் பாதியில் சிரிப்பு நின்றது என்று அப்போது யோசிக்கவில்லை. கடலூர் திரும்பி வருகிற பஸ்ஸில்தான், மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு, தடியன் அடி அங்கே ஏன் அவ்வளவு பலமாக விழுந்தது, மருந்தெல்லாம் எங்கே போயிற்று என்று ஒவ்வொன்றாகத் தோன்ற ஆரம்பித்தது. சேச்சே, இருக்காது, வல்லாஹி சொன்ன மனுஷன் என்று நானே என்னைத் திட்டிக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் ஆட்டத்தைத் திறந்தார்.

"ஹார்டுதானே மச்சான்?"

"பின்ன? ஹார்டுதான்" என்றார். துளிகூடத் தடுமாறவில்லை. அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

கதவு வரைக்கும் போனேன். தடியனுக்கு நேர் எதிரில் போய் நின்றேன். கேடயத்தை இறக்கினேன். கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு டிவியைப் பார்த்தேன். அடித்தான். மறுபடி அடித்தான். மூன்றாவது அடி விழுந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன். அவன் பாட்டுக்கு இடது காலை இழுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்து அடித்தான், நான் கல்லு மாதிரி நின்றேன்.

"ஏ புள்ள, என்னா பண்றே? நெட்டு போச்சா?"

"நெட்டு இருக்கு மச்சான்."

"பின்ன ஏன் நிக்கிற? அடிக்கிறான் பாரு!"

"அடிக்கட்டும். நா சாவ மாட்டேங்குறேன், பாத்தீங்களா?"

தடியன் மட்டும் அடித்துக்கொண்டிருந்தான். கடைசியில் அவர், "நீ நாள் பூரா லேபுல கெடந்து களச்சி வர்ற. கொஞ்சம் சந்தோஷமா இருக்கட்டுமேன்னுதான்..." என்று இழுத்தார்.

எனக்கு எங்கேயிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ! "சந்தோஷமா? நா குதிச்சேனே, ஊரெல்லாம் சொன்னேனே, அத பாத்து நீங்க சூப்பர் சூப்பர்னு சொன்னீங்களே, அதா சந்தோஷம்? என்னைய என்னா, தொட்டில்ல போட்டு ஆட்டுற புள்ளன்னு நெனச்சீங்களா? எங்க வூட்டுல எல்லாரும் பண்ணாங்க, நீங்களுமா?" என்று கத்தினேன். தெருவே கேட்டிருக்கும்.

மாமி அடுப்படியிலிருந்து வந்து நின்றார். "வெரலு நசுங்கிக் கெடக்கறவன்கிட்ட போயி இப்படியா கத்துவே? வில்லு இழுக்க முடியலன்னா அவன் என்னாதான் பண்ணுவான்?" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எந்த வெரலு?" என்று கேட்டேன். போனை எடுத்து வீடியோவில் கூப்பிட்டேன். "கையக் காமிங்க" என்றேன். அவர் இடது கையைக் காட்டினார். "மச்சான், வெளையாடாதீங்க" என்றேன்.

வலது கையைத் தூக்கினார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தையல் போட்ட தழும்போடு, மடங்காமல், யாரையோ சுட்டிக்காட்டுகிற மாதிரி நின்றன. மெஷினில் மாட்டிக்கொண்டதாம். ஆட வராத அந்த வாரங்களில் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். மாமிக்குத் தெரியும். மாமி சொல்லி எங்க அம்மாவுக்குத் தெரியும். அண்ணன் அங்கே தெரிந்தவர்களைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பியிருக்கிறது. பெருநாள் அன்றைக்கு நான் "ஒரு தடவ கூட சாவறதில்ல" என்றபோது, அவர் ஏன் ஈஸியில் வைத்தார் என்று அண்ணனுக்கு உடனே புரிந்திருக்கிறது. அதனால்தான் பாதியில் சிரிப்பு நின்றது. எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவாம், நான் அழுவேன் என்று.

அழுதேன்தான். அந்த விரலைப் பார்த்து அழுதேனா, என்னை நினைத்து அழுதேனா என்று பிரிக்கத் தெரியவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது நான் இங்கே என்ன செய்துகொண்டிருந்தேன்? மேட்சிங் துப்பட்டா தேடிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து வலிக்கிற கையோடு அவர் உட்கார்ந்திருந்தபோது நான் கதவு திறந்துவிட்டது என்று குதித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவருக்காக அல்லாவிடம் ஒரு துவா கேட்கக்கூட வழி இல்லாமல் செய்துவிட்டார்களே! பெண்டாட்டி என்று இருந்து என்ன பிரயோஜனம்?

அண்ணனுக்குப் போன் போட்டேன். "நா என்னா பண்றது, மச்சானே சொல்லாதன்னாரு" என்றது. "நீங்க எல்லாரும் சேந்து ஹார்டுல ஆடிருக்கீங்க, என்னைய மட்டும் ஈஸில ஒக்கார வச்சிட்டீங்க" என்று சொல்லிவிட்டு வைத்தேன். அதற்குப் பிறகு என் புருஷன் கூப்பிட்டால் நான் போனை எடுக்கவில்லை. மாமியிடம் "சோறு ரெடி" என்பதற்கு மேல் பேசவில்லை. லேபில் ஒரு பெரியவரை உட்கார வைத்துவிட்டு அவர் பெண் என் மேசைப் பக்கம் குனிந்து, "ரிசல்ட்டு எதுவா இருந்தாலும் அப்பாகிட்ட சொல்லிடாதீங்க" என்றபோது, வழக்கமாகத் தலையாட்டுகிறவள், "அவரு ரத்தம்மா அது" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். டாக்டர் கூப்பிட்டுத் திட்டினார். திட்டட்டும்.

தினமும் அவரிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வரும். "மன்னிச்சுடு புள்ள", "நல்லாதான் இருக்கேன் புள்ள." கேட்டுவிட்டுத் தூக்கிப் போடுவேன். ஒருநாள் வேறு மாதிரி வந்தது. "புள்ள, நா எடது கையாலதான் சாப்புடறேன். வலது கையில சோறு நிக்க மாட்டேங்குது. ரூமுல எல்லாரும் பாக்குறானுங்க. சாப்பாட்டுக்கு ஒக்காரவே வெக்கமா இருக்கு."

எங்களில் இடது கையால் சாப்பிடுவது என்றால் சின்னப் பிள்ளை செய்தாலும் கையில் ஒன்று போடுவார்கள். அவர் தாயிடம்கூட அதைச் சொல்லியிருக்க மாட்டார். திரும்பத் திரும்பக் கேட்டேன். பதிலுக்கு, "வெள்ளிக்கெழம வாங்க. நா தொறக்கறேன். ஹார்டு" என்று மட்டும் அனுப்பினேன்.

வந்தார். வாசலிலேயே செத்தோம். வில்லை இழுத்துப் பிடிக்க முடியாமல் அவர் அம்பு பாதி வழியில் விழுந்தது. "என்னால முடியல" என்றார். திரும்பப் போனோம், திரும்பச் செத்தோம். அப்புறம் அந்தப் பழைய பரங்கிப்பேட்டைக் கெட்டவார்த்தை வந்தது. அதற்குப் பின்னால், மெதுவாக, "வலிக்குது புள்ள" என்றார்.

"எங்க?"

"ஆள்காட்டி வெரலு. அடியில."

"அப்ப வில்ல எங்கிட்ட குடுங்க. நீங்க கேடயம் புடிங்க, அதுக்கு எடது கைப் பட்டன் போதும்" என்றேன். எனக்கு வில் பிடிக்கத் தெரியாது, அவருக்குக் கேடயம் பிடிக்கத் தெரியாது. முதலிலிருந்து ஆரம்பித்தோம். எத்தனையோ வெள்ளிக்கிழமை தோற்றோம். "கேடயத்த எறக்காதீங்க மச்சான்" என்று நான் கத்த, "மொதல்ல நீ ஒழுங்கா விடுடீ" என்று அவர் கத்த, மூக்கு மூச்சு திரும்பக் கேட்க ஆரம்பித்தது. கம்பெனி தன்னைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்கிற பயத்தை அவர் சொன்னதும் அப்படி ஒரு தோல்விக்கு நடுவில்தான்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு நெட் விட்டு விட்டு வந்தது. "அப்ப நா தொறக்கறேன்" என்றார். அன்றைக்குத்தான் அந்த முதல் கதவு திறந்தது. அவர் அங்கே குதிக்கிற சத்தம் கேட்டது. "புள்ள! தொறந்துருச்சு புள்ள!" என்று கத்தினார்.

எனக்கும் குதிக்கத்தான் ஆசை. ஆனால் ஆட்டத்தைத் திறந்தது அவர் ஆயிற்றே. கதவுக்கு அந்தப் பக்கம் போனேன். அடுத்த தடியன் வந்தான். அவனுக்கு நேர் எதிரில் போய் நின்று கன்ட்ரோலரை மடியில் வைத்தேன்.

முதல் அடி விழுந்தது.

"ஏ, பின்னால வா! நா மறைக்கிறேன், வா!" என்று கேடயத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். பாதி தூரத்தில் நின்றுவிட்டார். நான் எதற்கு நிற்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. இரண்டாவது அடி விழுந்தது. அவர் நினைத்திருந்தால் குறுக்கே வந்து தடுத்திருக்கலாம். கேடயத்தைக் கீழே இறக்கி, ஒரு ஓரமாக ஒதுங்கி நின்றார்.

மூன்றாவது அடியில் செத்தேன்.

திரை சிவந்து ஆட்டம் வாசலுக்குப் போயிற்று. பிறகு அவர், "இப்ப நம்புறியா?" என்று கேட்டார்.

"இன்னிக்கு நம்புறேன் மச்சான்" என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் நின்று பார்ப்பேன். அது அவருக்கும் தெரியும்.